ரிகோபெர்டா மென்ச்சு: ஒரு சாட்சியை நம்ப 35 ஆண்டுகள்

ரிகோபெர்டா மென்ச்சு என்று தேடிப் பாருங்கள். இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பது ஒன்று. தன் வாழ்க்கைக் கதையில் நடக்காததையும் சேர்த்துச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு மற்றொன்று. முதல் செய்தியோடு நின்றவர்கள் அவரைப் புனிதராக்கிவிடுகிறார்கள். இரண்டாவதையும் படித்தவர்களில் பலர் பொய்க்காரி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டுமே அவசரத் தீர்ப்பாகத்தான் தெரிகிறது. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைகளில் பிறந்த ஒரு மாயா பெண் "எங்கள் ஆட்களைக் கொன்றுவிட்டார்கள்" என்று சொன்னால் அதை யார் நம்புவார்கள், நம்ப வைக்க அவள் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது? மென்ச்சுவின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் கழிந்திருக்கிறது.

அவர் பிறந்தது 1959 ஜனவரி 9. ஊர் சிமெல். எல் கிச்சே மாகாணத்தில், உஸ்பந்தான் என்ற சிறு நகரத்திலிருந்து மலையேறிப் போக வேண்டிய குடியிருப்பு. மழைமேகம் எப்போதும் தங்கி நிற்கும் காட்டுப்பகுதி அது. மாயா என்றதும் நமக்குக் கற்கோபுரங்களும் பழைய நாள்காட்டியும்தான் நினைவுக்கு வரும். அழிந்துபோன நாகரிகம் என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். கோபுரங்களைக் கட்டிய நகரங்கள்தான் கைவிடப்பட்டன, மக்கள் எங்கும் போய்விடவில்லை. 2018 கணக்கெடுப்பில் குவாத்தமாலாவில் சுமார் 42 சதவீதம் பேர் தங்களை மாயா என்று பதிவு செய்திருக்கிறார்கள். கிச்சே, இஷில், கெக்சி, மாம், காக்சிகெல் என்று அவர்களுக்குள் 22 மொழிகள். மென்ச்சுவின் தாய்மொழி கிச்சே. ஸ்பானிய மொழியும் ஐரோப்பிய வழக்கங்களும் கொண்டவர்களை அங்கே லடினோ என்கிறார்கள். நிலப் பத்திரம், நீதிமன்றம், காவல் நிலையம், பத்திரிகை எல்லாம் நீண்ட காலம் லடினோக்கள் கையில், அவர்கள் மொழியில்தான் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு 1965 வரை வாக்குரிமை கூட இல்லை. அப்படிப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் மாயாக்கள்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி ஏற்றுமதி பெருகியபோது, மாயா ஊர்களின் பொது நிலங்கள் தோட்ட முதலாளிகள் கைக்குப் போயின. நிலம் போனால் ஆள் தானாக வேலைக்கு வருவான் என்பது கணக்கு. அதுவும் போதாதென்று 1934-இல் ஒரு சட்டம் வந்தது. போதிய நிலம் இல்லாதவன் ஆண்டுக்கு 100 முதல் 150 நாள் வரை பிறர் நிலத்தில் வேலை செய்தாக வேண்டும், செய்ததற்கு அத்தாட்சியாகக் கையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிறை. 1944 புரட்சிக்குப் பிறகு அந்தச் சட்டம் போனது. 1952-இல் ஜனாதிபதி ஹாகோபோ ஆர்பென்ஸ், தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து உழுபவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்க நிறுவனமான யுனைடெட் ஃபுரூட்டின் வாழைத் தோட்ட நிலங்களும் அதில் அடக்கம். 1954-இல் சி.ஐ.ஏ. திட்டமிட்ட கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் போனார். பிரித்துக் கொடுத்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. 1960-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது, 36 ஆண்டுகள் ஓயவில்லை. 1979 விவசாயக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் பயிர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் இரண்டரை சதவீதப் பண்ணைகளுக்குள் இருந்தது.

மலையில் மக்காச்சோளம் விளையும். ஆனால் அந்தத் துண்டு நிலத்தில் விளைவது ஆண்டு முழுவதற்கும் காணாது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் கங்காணிகள் மலைக்கு வருவார்கள். குடும்பம் குடும்பமாகத் தார்ப்பாய் போட்ட லாரியில் ஏறித் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் காப்பி, பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். நாய், கோழி, குழந்தை எல்லாம் ஒரே லாரியில். தோட்டத்துக் கடையில் வாங்கும் உப்பும் மருந்தும் கூலியில் கழியும். பறித்த காப்பியை எடை போடும் தராசு எப்போதும் முதலாளி பக்கம் சாயும். பருத்தி வயல்களில் ஆட்கள் நிற்கும்போதே மேலிருந்து விமானத்தில் பூச்சிமருந்து தெளிப்பார்கள். இத்தனையும் முடிந்து, விதைக்கிற பருவத்தில் மலைக்குத் திரும்புவார்கள். அந்தத் திரும்புதலை வெறும் பிழைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கிச்சே மக்களின் பழம்பெரும் நூலான போபோல் வூ, மனிதனைக் கடவுள்கள் மக்காச்சோள மாவில்தான் பிசைந்து செய்தார்கள் என்கிறது. முன்பு மண்ணில் செய்து பார்த்தார்களாம், கரைந்துவிட்டது. மரத்தில் செய்தார்களாம், அதற்கு நினைவும் நன்றியும் இல்லை. மக்காச்சோளத்தில் செய்தவன்தான் நின்றான். அப்படி நம்புகிற மக்களிடமிருந்து சோளம் விதைக்கும் நிலத்தை எடுப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

தந்தை விசென்டே மென்ச்சு, காட்டை வெட்டிச் சிமெல் குடியிருப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். கத்தோலிக்கச் சபையில் மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவராகவும் இருந்தார். நிலத்துக்கு முறையான பட்டா கேட்டுத் தலைநகரத்தின் நில அலுவலகத்துக்குப் பல ஆண்டுகள் நடந்தவர். ஸ்பானிய மொழியில் எழுதிய தாள்களில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பி வரும் ஒருவருக்கு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். தாய் ஹுவானா தும், ஊரின் மருத்துவச்சி. மூலிகை தெரிந்தவர். கிறித்தவமும் மூதாதையர் வழிபாடும் அந்த வீட்டில் சண்டையில்லாமல் சேர்ந்தே இருந்தன.

1970-களில் நாட்டுப்புறத்தில் காற்று மாறியது. கூட்டுறவுச் சங்கங்கள், வேதாகம வாசிப்புக் குழுக்கள், அப்புறம் 1978-இல் விவசாயிகள் ஒற்றுமைக் குழு. மலையின் மாயாக்களையும் கடலோரத்தின் ஏழை லடினோக் கூலிகளையும் ஒரே அமைப்பில் சேர்த்த குழு அது. விசென்டே அதில் இருந்தார், பிறகு மகளும் சேர்ந்தார். அதே 1978 மே 29-இல் பன்சோஸ் என்ற ஊரில் நிலம் கேட்டுக் கூடிய கெக்சி மக்களை ராணுவம் சதுக்கத்தில் வைத்துச் சுட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முன்வரிசையில் நின்றவர் அடெலினா கால் என்ற மூதாட்டி. மாமா மக்கீன் என்று அழைக்கப்பட்ட அவர் பெயரைத்தான் பிற்பாடு மெக்சிகோவில் அகதிப் பெண்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்தார்கள். போராடிய மாயா பெண் என்றால் வெளியுலகத்துக்கு மென்ச்சுவின் பெயர்தான் தெரியும். அந்த மலைகளில் அவருக்கு முன்னாலும் பக்கத்திலும் பலர் நின்றார்கள்.

1979-இல் உஸ்பந்தான் பகுதிக்கு, அரசை எதிர்த்துப் போரிட்ட 'ஏழைகளின் கெரில்லாப் படை' வந்தது. இரண்டு லடினோ நிலவுடைமையாளர்களைக் கொன்றது. பின்னாலேயே ராணுவம் வந்தது. கெரில்லாக்கள் காட்டுக்குள் போய்விட, அடி முழுக்க ஊர் மக்கள் மீது விழுந்தது. மென்ச்சுவின் தம்பி பெட்ரோசினியோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இஷில் மக்களின் ஊரான சஹூலில் வேறு சிலரோடு சேர்த்து அவனைக் கொன்றார்கள்.

உஸ்பந்தான் விவசாயிகள் தலைநகரத்துக்குப் போனார்கள். காணாமல் போனவர்களைக் கேட்டு நாடாளுமன்றக் கதவைத் தட்டினார்கள். பத்திரிகை அலுவலகங்களுக்குப் போனார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1980 ஜனவரி 31 காலை, அந்த விவசாயிகளும் மாணவர்களும் ஆதரவாளர்களுமாகச் சேர்ந்து ஸ்பெயின் தூதரகத்துக்குள் போய் அமர்ந்தார்கள். ஏன் ஸ்பெயின்? கிச்சே மாகாணத்தில் பல ஸ்பானியப் பாதிரியார்கள் பணியாற்றினார்கள், தூதர் மாக்சிமோ கஹாலும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருந்தார். தங்கள் நாட்டு நாடாளுமன்றம் கேட்காததை ஒரு வெளிநாட்டுத் தூதராவது கேட்பார் என்ற நம்பிக்கைதான். போலீஸ் கட்டடத்தைச் சுற்றி வளைத்தது. தூதர் உள்ளிருந்து கெஞ்சினார்: தூதரக வளாகத்துக்குள் நுழையாதீர்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். போலீஸ் கதவுகளை உடைத்து நுழைந்தது. உள்ளே இருந்தவர்கள் மேல்மாடியில் ஓர் அறைக்குள் ஒதுங்கினார்கள். அறை தீப்பிடித்தது. தீ எப்படிப் பற்றியது என்பதில் இன்றுவரை சர்ச்சை இருக்கிறது, உள்ளே இருந்தவர்கள் பெட்ரோல் குண்டுகள் வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே நின்ற போலீஸ், உள்ளே இருந்தவர்களை வெளியேற விடவில்லை, தீயணைப்பவர்களையும் நெருங்க விடவில்லை. 37 பேர் செத்தார்கள். விசென்டே மென்ச்சு அவர்களில் ஒருவர். குவாத்தமாலாவின் முன்னாள் துணை ஜனாதிபதி ஒருவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஒருவரும் அன்று தூதரைப் பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் கருகினார்கள். தூதர் தப்பினார். விவசாயிகளில் உயிரோடு மிஞ்சியவர் கிரகோரியோ யுஹா மட்டும். அவரையும் மருத்துவமனையிலிருந்து கடத்திக் கொன்று, சான் கார்லோஸ் பல்கலைக்கழக வளாகத்தில் உடலை வீசிவிட்டுப் போனார்கள். உள்ளே நடந்ததைச் சொல்ல விவசாயிகள் பக்கம் ஒரு வாய்கூட மிஞ்சக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை. ஸ்பெயின் தூதரக உறவைத் துண்டித்தது.

ஏப்ரலில் தாயைக் கடத்தினார்கள். பாலியல் வன்முறைக்கும் சித்திரவதைக்கும் உள்ளாக்கிக் கொன்றார்கள். உடல் குடும்பத்துக்குக் கிடைக்கவே இல்லை. சில மாதங்களுக்குள் தம்பி, அப்பா, அம்மா. அப்போது மென்ச்சுவுக்கு 21 வயது.

அந்த நாட்களிலும் இயக்கம் நிற்கவில்லை. 1980 பிப்ரவரியில் தெற்குக் கடலோரத்தில் கரும்பு, பருத்திக் கூலிகள் பல்லாயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் கூலி, அந்த நாட்டு நாணயமான கெட்சாலில், 1.12-இலிருந்து 3.20 ஆக உயர்ந்தது. மலை மாயாவும் கடலோர லடினோவும் ஒன்றாக நின்றதால் கிடைத்த வெற்றி. அதற்குப் பிறகு வந்த ஒடுக்குமுறையில் தலைவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். ஜூலையில் கிச்சே மறைமாவட்டத்தையே ஆயர் ஹுவான் ஹெரார்தி மூட வேண்டியதாயிற்று, பாதிரியார்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1981-இல் மென்ச்சு மெக்சிகோவுக்குத் தப்பினார். அங்கே சியாபாஸ் மாநிலத்தில் ஆயர் சாமுவேல் ரூயிஸ் அடைக்கலம் கொடுத்தார்.

1982 ஜனவரியில் பாரிஸ் வந்த மென்ச்சு, எலிசபெத் புர்கோஸ் என்ற வெனிசுவேலா மானிடவியலாளரின் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார். ஒலிநாடாவில் பதிவான அந்தப் பேச்சு 1983-இல் ஸ்பானிய மொழியில் புத்தகமாக வந்தது. 'என் பெயர் ரிகோபெர்டா மென்ச்சு, என் விழிப்புணர்வு இப்படிப் பிறந்தது' என்பது தலைப்பின் பொருள். தாய்மொழி அல்லாத மொழியில், 23 வயதுப் பெண், பெற்றோரை இழந்த இரண்டாவது ஆண்டில் சொன்னது. பல மொழிகளில் பெயர்ந்தது, பல்கலைக்கழகங்களில் பாடமானது. தொடக்கத்திலேயே அவர் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: இது நான் தனியாகக் கற்றதில்லை, என் கதை ஏழைக் குவாத்தமாலாக்காரர்கள் எல்லோருடைய கதையும்தான் என்று. இன்னொன்றையும் அடிக்கடி சொல்கிறார்: எங்கள் மக்களின் சில ரகசியங்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போக வந்த வெளியாட்களைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்த மக்கள் அவர்கள். எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையும் தங்களுக்கு உண்டு என்கிறார். இந்த இரண்டு வரிகளையும் கவனிக்காமல் படித்தவர்கள்தான் பின்னால் அதிகம் அதிர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் பாரிஸில் பேசிய சில வாரங்களில், 1982 மார்ச்சில், எஃப்ராயின் ரியோஸ் மோன்ட் என்ற ஜெனரல் ஆட்சியைப் பிடித்தார். மலை ஊர்கள் எரிந்தன. பல்லாயிரம் பேர் மெக்சிகோ எல்லையைத் தாண்டினார்கள். மென்ச்சு ஜெனீவாவுக்குப் போனார். அதே 1982-இல்தான் ஐ.நா.வில் பூர்வகுடிகளுக்கான பணிக்குழு தொடங்கியது. ஆண்டுதோறும் உய்பில் என்ற தங்கள் நெசவு மேலாடையோடு அந்த அரங்குகளின் வராந்தாவில் நின்று, போகிற வருகிற தூதர்களிடம் பேசுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. ஒரு நாட்டின் அரசு தன் மக்களைக் கொல்லும்போது அவர்கள் முறையிட வேண்டிய இடம் எது என்ற கேள்விக்கு உலகத்தில் அதுவரை சரியான பதிலே இல்லை. உலகெங்குமிருந்து வந்த பூர்வகுடிப் பிரதிநிதிகள் அந்தப் பதிலை மெல்ல மெல்லக் கட்டினார்கள். 2007 செப்டம்பர் 13-இல் ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளோடு ஏற்றது. எதிர்த்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்குமே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறியவர்கள் உருவாக்கிய நாடுகள். பின்னாளில் நான்கும் மனம் மாறி ஆதரித்தன.

1988-இல் நாடு திரும்பிப் பார்த்தார், விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் விடுவித்தார்கள். 1991 அக்டோபரில் கெட்சால்தெனாங்கோ நகரில், கண்டம் முழுவதிலுமிருந்து பூர்வகுடி, கறுப்பின அமைப்புகள் கூடின. கொலம்பஸ் வந்த 500-ஆவது ஆண்டைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த உலகத்திடம், இது எங்கள் எதிர்ப்பின் 500 ஆண்டுகள் என்று சொல்வதற்கான கூட்டம். அடுத்த ஆண்டு அக்டோபர் 16-இல் நோபல் அறிவிப்பு வந்தது. அவருக்கு வயது 33. பூர்வகுடிப் பெண் ஒருவருக்கு அமைதிப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பரிசுத் தொகையில் தந்தையின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.

இனி அந்தச் சர்ச்சைக்கு வருவோம். டேவிட் ஸ்டோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உஸ்பந்தான் வட்டாரத்தில் பல ஆண்டுகள் மக்களைச் சந்தித்து, ஆவணங்களைப் பார்த்து ஒரு நூல் எழுதினார். 1998 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நிருபரும் சிமெல் பக்கம் போய் அதை முதல் பக்கச் செய்தியாக்கினார். முக்கியமான புள்ளிகள் இவை. விசென்டே மென்ச்சுவின் பெரிய நிலத்தகராறு லடினோ முதலாளிகளோடு மட்டுமில்லை, அதிகமும் மனைவி வழி உறவினர்களோடுதான். பள்ளிக்கே போகவில்லை என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் மென்ச்சு கன்னியர் நடத்திய பள்ளியில் படித்திருக்கிறார். பெட்ரோசினியோவை ஊர்ச் சதுக்கத்தில் உயிரோடு எரித்ததைக் குடும்பமே நேரில் பார்த்ததாகப் புத்தகம் சொல்கிறது; சஹூல் மக்கள் சொல்வது வேறு மாதிரி, குடும்பம் அங்கே இல்லை.

இந்தக் குறைகளைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அவற்றில் பல உண்மை. கன்னியர் மடத்தில் வேலைக்காரியாக இருந்துகொண்டே படித்ததாகவும், தன்னைச் சேர்ந்தவர்கள் பட்டதையும் தன் கதையோடு சேர்த்துச் சொன்னதாகவும் மென்ச்சு பின்னர் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்களில் பலர் கெரில்லாக்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் சிக்கித் தவித்தவர்கள், புத்தகம் காட்டுவதுபோல் எல்லோரும் புரட்சியின் பக்கம் மனதார நின்றவர்கள் இல்லை என்ற ஸ்டோலின் வாதத்திலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 1982-இல் மென்ச்சு ஓர் இயக்கத்தின் ஆளாகத்தான் பேசினார். படுகொலை நடந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்த வேண்டி, கேட்பவர் நெஞ்சில் தைக்கும்படி பேசினார். "எங்கள்" என்று சொல்ல வேண்டிய இடங்களில் "நான்" என்று சொன்னார். தன் தம்பி சாகாத விதத்தில் வேறு எத்தனையோ பேர் அந்த மலைகளில் செத்திருக்கிறார்கள். ஆனாலும் நேரில் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னது பிழைதான். அந்தப் பிழையின் விலையையும் மாயா மக்கள்தான் கொடுத்தார்கள். ராணுவத்தின் ஆதரவாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே பொய் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஸ்டோலே அப்படிச் சொல்லவில்லை. அப்பா, அம்மா, தம்பி கொல்லப்பட்டது உண்மை, கொன்றது அரசின் ஆட்கள் என்பதை அவர் மறுக்கவில்லை, நோபல் பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்கவில்லை. நோபல் குழுவும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றது. என்னை உறுத்துவது வேறு. ஒரு விவசாயிப் பெண் சொன்ன கதையை வரிவரியாகச் சரிபார்க்க அனுப்பப்பட்ட நிருபர்களில் பாதிப் பேராவது, 1982-இல் ராணுவம் விட்ட அறிக்கைகளைச் சரிபார்க்க அந்த மலைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தால் எத்தனை ஊர்கள் மிஞ்சியிருக்கும்?

அந்தச் சர்ச்சை வெடித்த இரண்டே மாதத்தில், 1999 பிப்ரவரியில், ஐ.நா. ஆதரவோடு இயங்கிய வரலாற்று விளக்க ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேல். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயாக்கள். அரசு தரப்பு நடத்திய கூட்டுப் படுகொலைகள் 626. மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த குழுக்களும் பொறுப்பு, கெரில்லாக்கள் 3 சதவீதத்துக்கு. 1981 முதல் 1983 வரை சில பகுதிகளில் அரசு செய்தது இனப்படுகொலைச் செயல்கள் என்றே ஆணையம் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு கத்தோலிக்கச் சபையும் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டிருந்தது. அதை முன்னின்று தயாரித்த அதே ஆயர் ஹெரார்தி, வெளியிட்ட இரண்டாம் நாள், 1998 ஏப்ரல் 26 இரவு, அடித்துக் கொல்லப்பட்டார். சாட்சிகளைத் திரட்டுவதற்கு அந்த நாட்டில் போர் முடிந்த பிறகும் இதுதான் விலை.

ஆயிரக்கணக்கானோர் தனித்தனியாகச் சொன்ன சாட்சியங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஒருத்தியின் "நான்" மீது இருந்த பாரம் இறங்கியது. இனி அவர் ஒருவரை வீழ்த்தினால் எல்லாவற்றையும் வீழ்த்தியதாகாது. மென்ச்சுவும் அதைப் புரிந்துகொண்டார் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் அவருடைய அடுத்த கட்ட வேலை முழுவதும் நீதிமன்றங்களில்தான். 1995 அக்டோபரில் ஷமான் என்ற இடத்தில், மெக்சிகோவிலிருந்து திரும்பி வந்து குடியேறிய அகதிகள் 11 பேரை ராணுவ ரோந்துப் படை சுட்டுக் கொன்றது. அந்த வழக்கில் மென்ச்சு தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டார். வழக்கு போன போக்கில் நம்பிக்கை இழந்து 1999-இல் வெளியேறினார். பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை, 2004-இல் படையினருக்கு 40 ஆண்டு தண்டனை வந்தது.

1999 டிசம்பரில் மென்ச்சு ஸ்பெயினின் தேசிய நீதிமன்றத்தில் ரியோஸ் மோன்ட் உட்பட முன்னாள் ஆட்சியாளர்கள் மீது இனப்படுகொலை, சித்திரவதை வழக்குத் தொடுத்தார். இது எங்கள் வேலையா என்று அங்குள்ள நீதிமன்றங்கள் முதலில் தயங்கின. 2005-இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம், இத்தகைய குற்றங்களை எந்த நாட்டுக்காரர் செய்திருந்தாலும் இங்கே விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. மாயா சாட்சிகள் மாட்ரிட் வரை போய்ச் சொன்னார்கள். தூதரகம் எரிந்த நாளில் ஜனாதிபதியாக இருந்த ரோமியோ லூகாஸ் கார்சியா, விசாரணையையே பார்க்காமல் 2006-இல் வெனிசுவேலாவில் இறந்துபோனார்.

சொந்த நாட்டில் மென்ச்சுவுக்குக் கிடைத்த மரியாதை வேறு. 2003-இல் ரியோஸ் மோன்ட் மீண்டும் ஜனாதிபதி தேர்தலில் நிற்பதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்த மென்ச்சுவை, ரியோஸ் மோன்ட்டின் கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு தள்ளி, சாதியைச் சொல்வதுபோல் இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். சந்தைக்குப் போய்த் தக்காளி விற்கச் சொன்னார்கள். நோபல் பரிசு வாங்கியவருக்கே இது என்றால், பேருந்திலும் கடையிலும் மருத்துவமனை வரிசையிலும் உய்பில் அணிந்து நிற்கும் மற்ற பெண்கள் கேட்பது என்னவாக இருக்கும்? மென்ச்சு வழக்குப் போட்டார். 2005-இல் ஐந்து பேருக்கு இனப் பாகுபாட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் குவாத்தமாலாவில் கிடைத்த முதல் முக்கியத் தீர்ப்பு அது.

தேர்தலில் மட்டும் அவர் தேறவில்லை. 2007-இலும் 2011-இலும் ஜனாதிபதி பதவிக்கு நின்று, இரண்டு முறையும் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வாக்கு வாங்கினார். மாயாக்கள் இத்தனை பேர் இருந்துமா என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். மாயா என்பது ஒரே வாக்கு வங்கி இல்லை. மொழி வேறு, ஊர் வேறு, சபை வேறு. போரில் ராணுவம் ஊர் ஆண்களையே காவல் படையாகத் திரட்டி அக்கம்பக்கத்தார் மீது ஏவிய காயமும் ஆறவில்லை. பணமுள்ள கட்சிகளோடு போட்டி போடும் அமைப்பு அவருடைய வினாக் இயக்கத்துக்கு இல்லை. ஆஸ்கர் பெர்ஹேர் என்ற தொழிலதிபர் ஜனாதிபதியாக இருந்தபோது அமைதி ஒப்பந்தங்களின் நல்லெண்ணத் தூதராக மென்ச்சு அரசோடு சேர்ந்ததைப் பழைய தோழர்கள் பலர் மன்னிக்கவில்லை. உலகம் கொண்டாடும் முகமும் ஊர் நம்பும் தலைவியும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

2013-இல் ரியோஸ் மோன்ட் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே கூண்டில் நின்றார். 1,771 இஷில் மக்களின் கொலை வழக்கு. சுமார் நூறு இஷில் சாட்சிகள் தங்கள் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானியத்தில் சொல்ல, நீதிபதிகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்டார்கள். பாலியல் வன்முறையைச் சொல்ல வந்த பெண்கள் நெய்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு பேசினார்கள். மே 10-இல் நீதிபதி யஸ்மின் பாரியோஸ் தலைமையிலான அமர்வு 80 ஆண்டு சிறை விதித்தது. ஒரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை அந்த நாட்டு நீதிமன்றமே இனப்படுகொலைக் குற்றவாளி என்று சொல்வது உலகத்தில் மிக அரிது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம், நடைமுறைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை முடிவதற்குள் 2018-இல் அவர் இறந்தார். ரத்தான தீர்ப்புக்கு மதிப்பில்லை என்று சட்டம் சொல்லலாம். அந்தக் கூண்டுக்கு எதிரே நின்று, தங்கள் மொழியில், தங்கள் பெயரில் சொல்லிவிட்டு ஊர் திரும்பிய பெண்களுக்கு அது ரத்தாகவில்லை.

2014 அக்டோபரில் தூதரக வழக்கு குவாத்தமாலாவில் விசாரணைக்கு வந்தது. அரசுத் தரப்போடு இணைந்து வழக்காடியவர்களில் மென்ச்சு ஒருவர். குற்றவாளிக் கூண்டில் பெத்ரோ கார்சியா அர்ரெதோண்டோ, அன்று தூதரகத்துக்குள் நுழைந்த போலீஸ் பிரிவின் தலைவர். 2015 ஜனவரி 19-இல் தீர்ப்பு வந்தது. தூதரகத்தில் நடந்த கொலைகளுக்கு 40 ஆண்டு. செத்தவர்களின் இறுதி ஊர்வலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு மாணவர்களுக்காக 50 ஆண்டு. தந்தை இறந்து 35 ஆண்டு நிறைய இன்னும் 12 நாள் இருந்தது. பத்து நாளைக்கு முன்புதான் மென்ச்சுவுக்கு 56 வயது ஆகியிருந்தது. இந்த முறை அவர் புத்தகம் எதுவும் காட்ட வேண்டியிருக்கவில்லை. 1980-இல் காது கொடுக்காத அதே தலைநகரத்தில், 37 பேரின் பெயர்களும் நீதிமன்றப் பதிவில் ஏறின. விசென்டே மென்ச்சுவின் பெயரும் அதில் இருந்தது.